முகம் வெட்டிய அல்பம்

ஆவணக் காப்பகத்தில் வேலை என்றால் தூசியும் தும்மலும்தான் என்று ஊரில் நினைக்கிறார்கள். என் தங்கையின் புருஷன் ஒரு நாள் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்காக்கு என்ன, கடதாசியோட இருக்கிற நிம்மதியான உத்தியோகம்" என்றார். அன்று என் வலது கைப் பெருவிரலில் கட்டுப் போட்டிருந்தேன். ஒரு மனிதர் கடித்த காயம் அது.

கடித்தவர் நல்லாகப் படித்தவர்தான். பழைய கிராமத் தலைமைக்காரர், விதானையார் ஒருவரின் குறிப்புப் புத்தகத்தைப் பார்க்க வந்தார். அவருடைய பாட்டனார் மாடு களவெடுத்து, மரத்தில் கட்டி வைத்து அடி வாங்கிய சங்கதி அதில் இருந்தது. வாசித்தார், சிரித்தார், தாளைக் கிழித்தார், வாயில் போட்டுக்கொண்டார். அவர் மெல்லத் தொடங்கியதும் நான் மேசையைச் சுற்றி ஓடிப்போய்த் தாடையைப் பிடித்து விரலை உள்ளே விட்டேன். தாளில் முக்கால்வாசி வெளியே வந்தது. மிச்சம் அவர் வயிற்றோடு போய்விட்டது. இன்னொரு தடவை, கோயிலில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று சொல்லும் காகிதம் ஒன்றுக்காக இரண்டு பகுதியார் வாசிப்பு மேசையின் இரு பக்கமும் இருந்து குடையால் அடிபட்டார்கள். விலக்கப் போன எனக்குத் தோளில் விழுந்தது. நான் சும்மா வாங்கிக்கொண்டு வருகிற ஆள் இல்லை. அந்தக் குடையைப் பறித்து உடைத்துத்தான் கொடுத்தேன்.

எங்கள் இடத்தை ஊரில் கடதாசிக் கந்தோர் என்பார்கள். வீடுகளில் கிடக்கும் பழைய காணி உறுதிகள், கடிதங்கள், படங்கள், கோயில், பள்ளிவாசல் குறிப்புகள் எல்லாவற்றையும் வாங்கி, துடைத்து, இலக்கம் போட்டு அலுமாரியில் வைப்பது எங்கள் வேலை. திறப்பு விழாவில் ஒரு பெரியவர், ஆவணங்கள் பேசும் என்று உருக்கமாகச் சொன்னார். எனக்குத் தெரிந்து அவை ஒரு நாளும் பேசியதில்லை. பார்க்க வருகிறவர்கள்தான் கத்துகிறார்கள்.

வருகிற குடும்பப் படங்களில் தலை இல்லாதவை நிறைய. கல்யாண வீட்டுப் படம், பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குப் படம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படம் என்று எதை எடுத்தாலும் வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். ஒருவருக்குச் சட்டை இருக்கும், கை இருக்கும், கழுத்துக்கு மேலே ஓட்டை. கொழும்பிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒருவர், அப்படிப்பட்ட ஒரு கட்டுக்குப் பட்டியல் போடும்போது 'பூச்சி அரித்தது' என்று எழுதி வைத்திருந்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"எந்தப் பூச்சி தம்பி, இளந்தாரிமார்ட தலைய மட்டும் தேடித் தேடித் தின்னுற?" என்று கத்தினேன். அவர் பாவம், வெலவெலத்துப் போனார். பிறகு தேத்தண்ணி கொடுத்து, இருத்தி வைத்துச் சொன்னேன். ஆமி வீடு வீடாகத் தேடி வந்த காலத்தில், இயக்கத்துக்குப் போன பிள்ளையின் முகம் வீட்டில் இருந்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் அடி. போகாத பிள்ளையின் முகம் இருந்தாலும், இவன் எங்கே என்று கேட்டு அடி. அதனால் தாய்மார் பிளேட்டால் முகத்தை வெட்டி எடுத்தார்கள். முழுப் படத்தையும் எரிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மற்றப் பிள்ளைகளும் அதில் நின்றார்களே.

அப்படி வெட்டிய அல்பம் ஒன்றைத்தான் ஆரையம்பதி ஊர்க்காரி ஒருத்தி சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அல்பத்தை மேசையில் போட்டுத் திறந்தாள்.

"இதுல என்ட அண்ணன் இருந்தான். கொம்பியூட்டரால ஓட்டைய நிரப்பலாமாமே. நிரப்பித் தாங்க அக்கா."

"இல்லாத முகத்தக் கொம்பியூட்டர் எங்க இருந்து புள்ள எடுக்கிற?" என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவள் அழவில்லை. கையைப் பொத்தி மேசையில் ஒரு குத்து விட்டாள். என் பேனைக் குவளை உருண்டு விழுந்தது. அந்தக் குத்தைப் பார்த்ததும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பிறகு அவள் கதையைச் சொன்னாள். ஒரு மத்தியான நேரம், ஆமியின் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று கதை பரவியதும், அவளுடைய தாய், தகப்பனின் சவர பிளேட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் குந்தியிருக்கிறாள். மகளை அல்பம் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படமாக மகனின் முகத்தைச் சுற்றி அறுத்து அடுப்பில் போட்டிருக்கிறாள். சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய், அவர்கள் படங்களிலும் அறுத்திருக்கிறாள். இந்தப் பிள்ளை ஒரு முகத்தை மட்டும் சட்டைக்குள் ஒளித்து வைத்தது. தாய் கண்டுவிட்டாள். விளக்குமாற்றின் பின்பக்கத்தால் முதுகு வெடிக்க அடித்து, மகளின் கையாலேயே அந்தத் துண்டை நெருப்பில் போட வைத்தாள்.

அந்தச் சுற்றிவளைப்பில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தாயும் மகளும் ஒவ்வொரு முகாம் வாசலுக்கும் போனபோது, முதலில் கேட்டது, படம் இருக்கிறதா என்றுதான். தாய் சாகும்வரை தன் வலது கையைத் தானே சுவரில் அடித்துக்கொள்வாளாம், வெட்டின கை என்று.

"காணாமப் போன புள்ளையளக் கேட்டு வீதியோரத்துல பந்தல் போட்டுக் குந்தியிருக்கிற எல்லாப் பொம்பிளையள்ட கையிலயும் புள்ளைர படம் இருக்கு. என்ட கையில வெறும் பேர் எழுதின மட்டை. படம் புடிக்க வாறவங்க என்ன விட்டுட்டு அங்கால போறாங்க. அது போகட்டும் அக்கா. இப்ப அவன நினைச்சா எனக்கு ஓட்டதான் வருகுது. ஓட்டையச் சுத்தி இருக்கிற கலியாண வாழமரம் தெரியுது, பந்தல் தெரியுது, அவன் தெரியிறான் இல்ல."

 அல்பத்தைப் புரட்டினேன். கடைசித் தாளில் ஒரு ஸ்டூடியோவின் முத்திரை இருந்தது. பார்த்ததும் எழும்பிவிட்டேன்.

காத்தான்குடி மெயின் வீதியில் முன்பு இருந்த ஸ்டூடியோ அது. ஆரையம்பதியில் கல்யாணம் என்றாலும் அவர்கள்தான் படம் எடுப்பார்கள். ஒன்று தமிழ் ஊர், மற்றது முஸ்லிம் ஊர் என்றாலும், இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதானே. படம் பிடித்த மனிதர் மவுத்தாகிப் பல காலம். அவருடைய மனைவி வீட்டைத் திருத்தியபோது, நெகடிவ் பெட்டிகளை எல்லாம் எங்களுக்குத் தந்திருந்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: தன்னைக் கேட்காமல் ஒரு நெகடிவையும் படமாக்கக் கூடாது.

உறைகளில் ஆள் பெயர் இருக்காது. ஆரையம்பதி, வேம்படி வீடு, மூத்த பிள்ளைக் கல்யாணம் என்று வீட்டு அடையாளம்தான் எழுதியிருப்பார். நான் தேடி எடுத்த அந்த உறை அவளுடைய பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துடையது. உறைக்குள் நிறைய இல்லை. தாய் அந்த நாளில் ஸ்டூடியோவுக்கும் போய், அண்ணன் நிற்கிற நெகடிவ்களைக் கெஞ்சி வாங்கி எரித்திருக்கிறாள். ஆனால் படமாக்காமல் விட்ட ஒன்று மிஞ்சியிருந்தது. பந்தலுக்கு முன்னால் இளந்தாரிகள் சிலர் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். ஒருவன் கண்ணை மூடிவிட்டான். அதனால் யாரும் வாங்கவில்லை.

யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நெகடிவில் முகம் கறுப்பு, மயிர் வெள்ளை. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாரும் கிழவனாப் போனாங்க" என்றாள். "இப்ப இருந்தாலும் இப்பிடித்தான் நரைச்சிருக்கும், என்ன?" பிறகு நடுவில் நின்ற ஒருவனைத் தொட்டு, "இவன்தான். இவன்தான் என்ட அண்ணன்" என்று சொல்லி, அப்போதுதான் அழுதாள். நானும் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான். என் வேலையால் ஒருவருக்கு நல்லது நடந்ததாக நான் நினைத்த நாட்கள் குறைவு.

படக்காரரின் மனைவியை நாங்கள் ஸ்டூடியோ ராத்தா என்போம், அவருக்கு நான் ஃபோன் எடுத்தேன். ஆரையம்பதியில் ஒரு பிள்ளை பழைய கல்யாணப் படம் ஒன்று கேட்கிறாள், வந்து பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் தன் வளவில் காய்த்த கொய்யாப்பழத்தையும் பையில் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வந்தார். எழுபதை நெருங்கும் வயதிருக்கும். நல்ல தாட்டியான உடம்பு. மூன்று பேரும் கொய்யாப்பழம் தின்றோம். ஸ்டூடியோவில் அன்னம் நீந்துகிற குளம் வரைந்த சீலை ஒன்று தொங்கும் என்று ஆரையம்பதிக்காரி சொன்னாள். "அந்த அன்னத்துக்கு மூக்கு வரைஞ்சது நான்தான் புள்ள" என்று ராத்தா சிரித்தார். அந்தக் கல்யாணத்துக்குத் தானும் கூடப் போனதாகவும், பொம்பிளைக்குச் சாரி மடிப்புப் பிடித்துவிட்டதாகவும் சொன்னார்.

பார்க்க மட்டும்தான் என்று சொல்லி, நெகடிவை ஸ்கேன் பண்ணித் திரையில் வெளிச்சமாகப் போட்டேன். வெள்ளை மயிர் கறுப்பாயிற்று. எல்லோரும் மறுபடி இளந்தாரிகள்.

"இவர்தான் ராத்தா என்ட அண்ணன். இவர்ட படம்தான் வேணும்" என்று ஆரையம்பதிக்காரி நடுவில் நின்றவனைக் காட்டினாள். வடிவான பொடியன், அமைதியான முகம்.

ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. அவள் காட்டினவனை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தில், சோற்று வாளியோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றவன்மேல் விரலை வைத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல், மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"தலையாட்டாத!"

அந்தச் சத்தம் அவளிடமிருந்துதான் வந்தது என்று நான் விளங்கிக்கொள்வதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள். ராத்தாவின் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். ஊசி கழுத்தில் கீறி இரத்தம் வந்தது. ராத்தாவும் விடவில்லை. மற்றவளின் கொண்டையைக் கொத்தாகப் பிடித்து, நெற்றியை மேசை விளிம்பில் ஒரு இடி இடித்தார். விசைப்பலகை விழுந்தது, கொய்யாப்பழம் உருண்டது. நடுவில் போன எனக்கு ராத்தாவின் முழங்கை வாயில் பட்டு, முன்பல் ஒன்று ஆடிப்போயிற்று. இரத்தத்தைக் கண்டதும் எனக்கும் விசர் வந்துவிட்டது. வயது, மரியாதை ஒன்றும் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் முதுகில் ஒவ்வொன்று வைத்து, ஆளுக்கொரு பக்கம் தள்ளினேன்.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. சுற்றிவளைப்பு என்றால் ஊரில் உள்ள ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்து வெயிலில் இருத்துவார்கள். கதிரையில் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு நேரே துளை. ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடந்து போகவேண்டும். அவன் வாய் திறக்கமாட்டான். தலையை ஆட்டினால் அந்த ஆள் ட்ரக்கில் ஏறவேண்டும். ஊர் அவனுக்கு வைத்த பெயர் தலையாட்டி. என் அப்பாவும் அப்படி ஒருவனுக்கு முன்னால் நடந்தவர். வீட்டுக்கு வந்த பிறகு, நாங்கள் ஓம் என்பதற்குத் தலையை ஆட்டினால் கன்னத்தில் அறைவார். "வாயால சொல்லு" என்பார். நல்ல மனிதர், அதற்கு மட்டும் அடிப்பார். ஆரையம்பதிக்காரியின் அண்ணன் ஒரு தலையாட்டலில்தான் போனான். அவளும் தாயும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்.

ராத்தா முக்காட்டைச் சரி செய்துகொண்டு மூச்சு வாங்கினார். பிறகு வாயால் சொன்னார்.

"அடையாள அட்டைக்கு நாங்க புடிச்ச படத்தையெல்லாம் ஆமிக்குக் குடுக்கம் எண்டு எவனோ சொல்லிரிக்கான். ஒருத்தருக்கும் குடுக்கல்ல, அல்லாஹ் அறிய. ஒரு நாள் பொழுது படக்குள்ள இயக்கப் பொடியனுகள் கொஞ்சம் பேர் கடைக்குள்ள பூந்தாங்க. என்ட மனிசன்ட வலக்கைய மேசையில வெச்சு இவன்தான் அமத்திப் புடிச்சான். மத்தவன் இரும்புத் தடியால அடிச்சான். ஒருக்கா இல்ல. எலும்பு நொறுங்குற சத்தம் எனக்கு இப்பயும் கேக்குது. மறுகா அவர் கமரா தூக்கவே இல்ல. மவுத்தாகும்வரைக்கும் நான்தான் சோறு தீத்திவிட்டன்."

"பொய்" என்றாள் ஆரையம்பதிக்காரி. நெற்றி வீங்கத் தொடங்கியிருந்தது. "என்ட அண்ணன் அப்பிடிச் செய்யமாட்டான். நீங்க ஆரோ ஒருத்தனக் காட்டுறீங்க. என்ட அண்ணன் நடுவுல நிக்கிறவன்."

"எனக்குத் தெரியாதா? அந்தக் கலியாணத்துல எங்களுக்கு எல போட்டு, வேணாம் வேணாம் எண்டாலும் மறுசோறு போட்டவன் இவன். எங்கம்மா ஒங்களுக்கு நல்லாச் சோறு போடச் சொன்னவ எண்டு சொல்லித்தான் போட்டான். எந்த அம்மா எண்டு கையால காட்டியும் விட்டான். ஒன்ட அம்மாதான், மறுகா நெகடிவ் கேட்டு வந்த அதே மனிசி. பாரு, கையில அதே வாளி. மறுகா அவனே வந்து கையப் புடிக்கக்குள்ள, என்ட முகத்தப் பாத்துக்கிட்டுத்தான் புடிச்சான். நான் மறப்பனா?"

என் மேசையில் கத்தரிக்கோல் இருந்தது. ராத்தா அதை எடுத்தார். மற்றக் கையில் நெகடிவை எடுத்தார். கொடுத்தவர் அவர், திரும்ப வாங்குகிற உரிமை அவருக்கு இருந்தது. என்றாலும் நான் தடுத்திருக்க வேண்டும். வாயில் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே ஒழிய, ஓரடி வைக்கவில்லை.

ஆரையம்பதிக்காரி கெஞ்சவில்லை. "வெட்டுங்க ராத்தா" என்றாள். "எங்கம்மாவும் வெட்டினவதான். வெட்டிப் பாருங்க, மறுகா உங்களுக்கும் ஓட்டதான் தெரியும். கையப் புடிச்சது ஆரெண்டு தெரியாது. ஓட்டதான் வந்து நிக்கும்."

 ராத்தா நெகடிவை மேசையில் வைத்தார், கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய், என்னவென்று தெரியாத ஒரு பயம் வந்தது.

போகும்போது என்னிடம் சொன்னார்: "மகள், அவ கேட்டா இவன்ட முகத்தக் குடு. நான் வேணாங்கல்ல. மத்தவன்ட முகத்தக் குடுத்து இவன நல்லவனாக்கிப் போடாத. அதுக்கு நான் சம்மதிக்கமாட்டன்."

ஆரையம்பதிக்காரி அல்பத்தையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் கொய்யாப்பழங்களைப் பொறுக்கி, தரையைத் துடைத்தேன். பல் வைத்தியர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். கந்தோரில் என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம்தான். செத்துப்போன தாய்மேலும் கோபம். அந்தச் சிரிக்கிற பொடியன்மேல் எல்லாவற்றிலும் கூடின கோபம். சோறு போட்ட வீட்டுப் பிள்ளை, சோறு தின்றவரின் கையை எப்படிப் பிடித்தான்? திரையில் அவனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கெட்டவனாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்த கிழமை ஆரையம்பதிக்காரி வந்தாள். நெற்றிக் காயம் மஞ்சள் பாய்ந்திருந்தது. இந்தத் தடவை கதிரையில் இருந்தாள். அவள் இருந்த இருப்பைப் பார்க்க எனக்கு இரக்கம் வந்துவிட்டது. பாவம், ஆயுள் முழுக்க ஒரு மட்டையைத் தூக்கிக்கொண்டு இருந்தவள். நான் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"இங்க பாருங்க புள்ள. நடுவுல நிக்கிறவன்ட முகத்தையே நான் பெரிசா அடிச்சுத் தாறன். கொண்டு போங்க. ராத்தா வீதிக்கு வந்து பாக்கப் போறாவா? ஆருக்குத் தெரியப் போகுது?"

"வேணாம்" என்றாள். "வாளியோட நிக்கிறவன அடிங்க."

"அவ சொன்னத நம்புறீங்களா?"

"நடுவுல நிக்கிறது எனக்கு விருப்பமான முகம் அக்கா. அவ காட்டினதுதான் அவன். நான் மறந்துட்டன். அம்மா செத்துட்டா. அவன ஒரு நாளும் மறக்காம இருந்த ஆள் அவ ஒராள்தானே."

நான் அச்சிட்டேன். நல்ல தாளில், மட்டையில் ஒட்டுகிற அளவுக்குப் பெரிதாக. அவள் அதைக் கையில் வாங்கி, முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. கேட்டுவிட்டேன்.

"அப்ப, அவன் அமத்திப் புடிச்ச அந்தக் கை?"

அவள் எழும்பி, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஓம் அக்கா" என்றாள். "அதயும் சேத்துத்தான் தூக்கிப் பிடிக்கப் போறன்."